இடது பின்னால்

எர்மோசியோ நகரில் ஆகஸ்ட்.
நாற்பத்தாறு டிகிரி.
நோஎமியின் கடையில் ஒரு மின்விசிறி உண்டு,
அது அவளைப் பார்த்து மட்டும் சுற்றும்.

என் டாக்ஸி, தொண்ணூற்றெட்டாம் வருடத்து ட்சுரு,
நாலு கதவையும் விரித்தபடி
சிறகு உலர்த்தும் நீர்க்காகம் மாதிரி நிற்கிறது.

முன்கதவுகளில் நாலு அங்குலக் குட்டி ஸ்பீக்கர்கள்.
ட்யூபா எழும்போதெல்லாம் அவற்றுக்கு மூச்சு வாங்கும்.
பாடகன் அவள் பெயரைச் சொல்கிற இடத்தில்
கிழிந்த காகிதம்தான் கேட்கும்,
பெயர் கேட்காது.

"சுள்ளி பொறுக்குறவன் தலையில
உரலை ஏத்திருக்க" என்றாள் நோஎமி.

சுண்டுவிரல் பருமனில் இரண்டு மின்தேக்கிகள் எடுத்தாள்.
இருநூறு மைக்ரோஃபாரட்.
கதவுக்கு ஒன்றாகக் கம்பியை வெட்டி நடுவில் பற்றவைத்தாள்.
ஈயப்புகை அவள் புருவத்தில் ஏறியது.
மெல்லிய ஒலியை உள்ளே விடுமாம்,
கனத்ததை வாசலிலேயே நிறுத்துமாம்.

"கனத்தது எங்க போகும்?"

"எங்கயும் போகாது.
பின்னால இருக்கிற பெருசுங்க ரெண்டும்
தங்க பங்கை எப்பவும்போல அடிக்கும்.
முன்னால இருக்கிறது
தன்னால ஆகாததை விட்டுடும். அவ்வளவுதான்."

துருவேறிய பின்முனைகளையும் கழற்றிச்
சுரண்டி மாட்டினாள்.
முந்நூறு பெசோ.

பாடகன் பிழைத்துக்கொண்டான்.
பெயர் இப்போது தெளிவாகக் கேட்டது.
ஆனால் ட்யூபாவைக் காணோம்.
சத்தத்தைக் கூட்டினேன், பின்பக்கமே திருப்பினேன்.
எலும்பெடுத்த மீன்போல ஒரு பாட்டு.

சுலேமா ஐந்து வாரமாகப் பின்சீட்டில்தான் வருகிறாள்.
என் தம்பிக்கு நான் கொடுத்த கடன் தெரிந்த நாளிலிருந்து.
காலை ஐந்தரைக்கு ஏறுவாள், நட்டநடுவே உட்காருவாள்,
தொழிற்சாலை வாசலில் இறங்குவாள்.
முப்பத்தைந்து பெசோவை
முன்சீட்டில், அவள் உட்கார்ந்திருந்த குழியில் போடுவாள்.
மனைவியிடம் டாக்ஸிக் கூலி வாங்கும் ஒரே மடையன்
இந்தச் சோனோராவில் நான்தான்.

அன்று மூன்றாவது சிக்னலில்:

"இடது பின்னால மாறியிருக்கு."

ஐந்து வாரத்தில் முதல் பேச்சு.
எனக்கு நாக்கு எழவில்லை.

"நிறுத்து."

ஒரு மெஸ்கீட் மரத்தடியில் ஒதுக்கினேன்.
சீட்டில் முழங்காலிட்டு, பின்கண்ணாடியோரத் தட்டைத் தூக்கினாள்.
நாளுக்கு எட்டு மணி நேரம் கார்களுக்குக் கம்பி கட்டுகிறவள்,
கட்டிய எதிலும் இதுவரை பயணம் போகாதவள்.
கைவிளக்கிலிருந்து ஒரு பென் பேட்டரியை உருவித்
தொட்டாள்.

வலது கூம்பு வெளியே துள்ளியது.
இடது கூம்பு உள்ளே பதுங்கியது.

"பாத்தியா? ரெண்டும் முழு மூச்சா உழைக்குது.
ஒண்ணு தள்ளுற நேரம் ஒண்ணு இழுக்குது.
நடுவுல இருக்கிறவளுக்கு
ஒண்ணுமே வந்து சேரல."

ஸ்பீக்கரைப் பற்றித்தான் பேசினாள்.
அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு,
கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு.
பல்லால் கம்பியைச் சீவி முறுக்கினாள்.

பிறகு அது வந்தது.
பின்னாலிருந்து வந்ததென்று சொல்ல முடியாது.
கனத்த ஒலிக்குத் திசை கிடையாது.
ஸ்டியரிங்கில் இருந்தது, என் பல்லில் இருந்தது,
வண்டியின் நம்பர் பலகை ஆணியோடு நடுங்கியது.
சாலை ஓரத்து நாயொன்று எழுந்து
இடம் மாறிப் படுத்தது.

கண்ணாடியில் பார்த்தேன்.
அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தாள்.
ஒரு விரல் மட்டும் முழங்காலில்
ட்யூபாவுக்கு அரை நொடி முந்தி.

வாசலில் இறங்கினாள்.
மெதுவாகச் சாத்தினாள் என்றெல்லாம் சொல்லமாட்டேன்,
ட்சுருவின் கதவு அறைந்தால்தான் பூட்டும்.
முன்சீட்டுக் குழியில் சில்லறை விழுந்தது.

எண்ணினேன்.
இருபது.

கூலி பதினைந்து பெசோவைக்
கழித்துக்கொண்டிருக்கிறாள்.